பாலைப் பயணியும் அவன் நாயும்

பழைய அரபு மொழியில் 'முஸ்தன்பிஹ்' என்றொரு சொல் உண்டு. பாலைவனத்தில் இரவில் வழி தவறிய பயணியை அது குறிக்கும். நேர்ப்பொருள் 'குரைக்க வைப்பவன்' என்பதாகும். நிலவில்லாத இரவு, மணல்மேடுகளுக்கு அப்பால் கூடாரம் உண்டா இல்லையா என்று அறிய வழியில்லை. தோற்பையில் தண்ணீர் குறைந்துவிட்டது. அப்போது அந்தப் பயணி நின்ற இடத்திலேயே நின்று, நாயைப் போலக் குரைப்பான். காற்று சாதகமாக இருந்து, கேட்கும் தொலைவில் ஏதேனும் குடியிருப்பு இருந்தால், அங்குள்ள நாய்கள் அந்நிய நாயொன்று வந்துவிட்டதென்று எண்ணிப் பதில் குரல் எழுப்பும். அந்தக் குரலை நோக்கி அவன் நடப்பான். கூடாரத்தை அடைந்துவிட்டால் உயிர் பிழைத்தான், விருந்தும் உண்டு.

ஒரு மனிதன் நாயைப் போலக் குரைப்பதை இழிவாகக் கருதாமல், அதற்கெனத் தனிச்சொல்லே வைத்துக்கொண்ட சமூகம் அது. அரபுக் கவிஞர்கள் ஒருவனுடைய கொடைத்தன்மையைப் புகழ்வதற்கும் நாயையே சான்றாக அழைத்தார்கள். ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரழி) அவர்கள் இஸ்லாத்தைத் தழுவுவதற்கு முன், சிரியப் பகுதியை ஆண்ட கஸ்ஸானிய மன்னர்களின் ஜஃப்னா குடும்பத்தைப் புகழ்ந்து பாடினார்கள். விருந்தினர் ஓயாமல் வந்துகொண்டே இருப்பதால் அவர்களுடைய நாய்கள் யாரையும் பார்த்து உறுமுவதில்லை என்பது அந்தப் புகழுரையின் கருத்து. தொலைவில் இருப்பவனைக் குரைத்து அழைக்க வேண்டும். அருகில் வந்தவனை அமைதியாக ஏற்க வேண்டும். நல்ல கூடாரத்து நாய்க்கு இலக்கணம் அவ்வளவுதான்.

நம் வீடுகளில் நாயைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 'நஜீஸ்' என்ற சொல்லில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. சட்டம் சட்டமாகவே இருக்கட்டும். அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் அந்தச் சட்டத்தை முதன்முதலில் செவியுற்ற மக்கள் நாய்களோடு பாலைவனத்தில் கூடாரமடித்தும், நாய்களோடு வேட்டைக்குச் சென்றும் வாழ்ந்தவர்கள். அந்த வாழ்க்கையை அறியாமல் சட்டத்தை மட்டும் மனனம் செய்தால், பாதி விஷயம் கைநழுவிப் போகும்.

இன்றைய சவூதி அரேபியாவின் வடபகுதியில் ஹாயில் மாகாணம் இருக்கிறது. அங்கே ஜுப்பா, ஷுவைமிஸ் ஆகிய இடங்களில் உள்ள பாறை ஓவியங்களை யுனெஸ்கோ 2015ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அப்பாறைகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட நாய்கள் செதுக்கப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். நிமிர்ந்த காது, சுருண்ட வால், குறுகிய முகம் கொண்டவை. வில்லேந்திய வேடன் ஒருவனைச் சுற்றி நாய்கள் நிற்கின்றன. சில நாய்களின் கழுத்திலிருந்து வேடனின் இடுப்புக்கு ஒரு கோடு செல்கிறது. கயிறு! எட்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை இவற்றுக்கு இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். அப்படியானால் நாயைக் கயிற்றில் பிணைத்து வேட்டைக்கு அழைத்துச் செல்லும் மனிதனை உலகில் மிகப் பழைமையாகக் காட்டும் ஓவியங்களில் இவையும் அடங்கும்.

இதே ஹாயில் பகுதியின் அஜஃ, ஸல்மா என்னும் இரட்டை மலைகள்தாம் தய்யி கோத்திரத்தாரின் தாயகம். தய்யி என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு ஹாத்திம் தாயியின் நினைவு வரும். கொடைக்குப் பெயர்போன அந்த ஹாத்திம், நபி (ஸல்) அவர்களின் காலத்துக்குச் சற்று முன் வாழ்ந்தவர். அவருடைய மகன் அதீ இப்னு ஹாத்திம் (ரழி) ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு இஸ்லாத்தைத் தழுவினார்கள். ஈமான் கொண்டதும் அவர்களுக்கு எழுந்த கேள்விகளுள் ஒன்று வேட்டை நாய்களைப் பற்றியது. நாங்கள் நாய்களைக் கொண்டு வேட்டையாடும் சமூகம். அவை பிடித்துத் தருவதை நாங்கள் உண்ணலாமா என்று கேட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்த ஹதீஸ் பதிவாகியிருக்கிறது. அதே தய்யி கோத்திரத்தைச் சேர்ந்தவரும், 'குதிரைகளின் ஸைத்' என்று பெயர் பெற்றிருந்து பின்னர் நபியவர்களால் 'நன்மையின் ஸைத்' என்று பெயர் மாற்றப்பட்டவருமான ஸைத் (ரழி) அவர்களும் இக்கேள்வியைக் கேட்டதாகத் தஃப்ஸீர் நூல்களில் ஓர் அறிவிப்பு உண்டு.

கேள்வி சாதாரணமானதன்று. மலையடிவாரத்திலும் மணல்வெளியிலும் வாழும் கோத்திரத்துக்கு முயலும் மானும்தான் புதிய இறைச்சி. ஒட்டகத்தை அறுப்பது பெருவிருந்துக்கு மட்டுமே. நாய் பிடித்தது ஹராம் என்று விடை வந்திருந்தால் பல கூடாரங்களில் அடுப்பு குளிர்ந்திருக்கும்.

விடை சூரத்துல் மாயிதாவின் நான்காம் வசனத்தில் இருக்கிறது. பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் உங்களுக்காகப் பிடித்துத் தருவதை உண்ணுங்கள், அதன் மீது அல்லாஹ்வின் பெயரைக் கூறுங்கள் என்பது அதன் சாரம். அவ்வசனத்தில் பயிற்றுவிப்போரைக் குறிக்க வந்துள்ள 'முகல்லிபீன்' என்ற சொல், நாயைக் குறிக்கும் 'கல்ப்' என்ற வேரிலிருந்து பிறந்தது. பருந்தும் வல்லூறும் அதில் அடங்கும் என்று முஃபஸ்ஸிர்கள் பெரும்பாலோர் விளக்கினாலும், சொல்லின் வேர் நாய்தான். அல்லாஹ் உங்களுக்குக் கற்பித்ததிலிருந்து நீங்கள் அவற்றுக்குக் கற்பிக்கிறீர்கள் என்றும் அவ்வசனம் கூறுகிறது. இறைவன் மனிதனுக்கு அளித்த அறிவின் ஒரு பகுதி, மனிதன் வழியாக நாய்க்கும் சென்று சேருகிறது! கற்ற நாய் பிடித்த இரை ஹலால்; கல்லாத நாய் கொன்றது ஹலால் அல்ல. கல்வி விலங்குக்கும் தகுதியைக் கூட்டுகிறது என்று ஆலிம்கள் இதிலிருந்து எடுத்துரைப்பது பொருத்தமானதே.

அதீ (ரழி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்ன நிபந்தனைகள் வேட்டைக்களத்தை நன்கறிந்தவரின் நிபந்தனைகளாக இருக்கின்றன. பிஸ்மில்லாஹ் கூறி நாயை ஏவ வேண்டும். இரையிலிருந்து நாய் தின்றுவிட்டால் அது தனக்காகவே பிடித்தது என்றாகிவிடும். அதை உண்ணக் கூடாது. உன் நாயோடு வேறொரு நாயும் இரையின் அருகே நின்றால், எது கொன்றது என்று தெரியாததால் விட்டுவிட வேண்டும். ஏனெனில் நீ பிஸ்மில்லாஹ் சொன்னது உன் நாய்க்கு மட்டும்தான். பசியோடு ஓடிச்சென்ற விலங்கு, வாயில் கவ்விய இறைச்சியைத் தின்னாமல் எசமானனுக்காகக் காத்து நிற்க வேண்டும்! எத்தனை நாள் பயிற்சி அதற்குத் தேவைப்படும் என்பதை நாய் வளர்த்தவர்களே அறிவர்.

அரபிகளின் வேட்டை நாய்க்கு 'ஸலூக்கி' என்று பெயர். யமனிலிருந்த ஸலூக் என்னும் ஊரிலிருந்து அப்பெயர் வந்ததாகப் பழைய ஆசிரியர்கள் எழுதினார்கள். மெலிந்த உடல், ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், தொங்கும் காதுகள். மோப்பத்தைவிடக் கண்பார்வையையே பெரிதும் நம்பி ஓடும் இனம். மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் ஓடக்கூடியது. ஜோர்தான் பாலைவனத்தில் உமையாக்கள் எழுப்பிய குஸைர் அம்ரா மாளிகையின் சுவரோவியத்தில், காட்டுக் கழுதைகளை வலையை நோக்கி விரட்டும் இத்தகைய நாய்களை இன்றும் காணலாம். எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதி ஓவியம் அது.

பதூ அரபிகள் பலரிடம் விந்தையான ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டுமந்தையைக் காக்கும் நாயை அவர்கள் 'கல்ப்' என்றார்கள். கூடாரத்துக்கு வெளியேதான் அதன் இடம். ஸலூக்கியை அந்தப் பெயரால் அழைக்கவில்லை. அது 'ஹுர்', அதாவது உயர்குலத்தது. கூடாரத்தின் உள்ளே, விரிப்பின் ஓரத்தில் அதற்கு இடம் உண்டு. குட்டிகளைப் பெண்கள் கைப்பட வளர்த்தார்கள். அதை விலைக்கு விற்பதைவிட, மதிப்புக்குரியவருக்கு அன்பளிப்பாகக் கொடுப்பதே பெருமையாகக் கருதப்பட்டது. நாயின் விலையை நபியவர்கள் தடுத்த ஹதீஸும், அதனடிப்படையில் ஷாஃபிஈ மத்ஹபு நாய் விற்பனையைச் செல்லாததாக்கியதும் இங்கே நினைவுக்கு வரலாம். ஆனால் ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்ல நான் துணியமாட்டேன். குலப்பெருமைக்கும் அதில் பங்கிருந்திருக்கும்.

பாலைவனத்தில் நாயோடு பயணம் செய்வது எளிதான காரியமன்று. கோடை நண்பகலில் மணலின் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸைத் தாண்டும். ஒட்டகத்துக்கு அகன்ற தடித்த பாதம் உண்டு, நாய்க்கு இல்லை. மனிதனைப் போல உடல் முழுதும் வியர்த்துக் குளிர்ச்சியடையவும் அதனால் இயலாது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது. ஒவ்வோர் இளைப்பிலும் நீர் ஆவியாகிப் போகிறது. எனவே நாயோடு செல்பவன் தன் தண்ணீர்க் கணக்கில் அதையும் ஓர் ஆளாகச் சேர்த்தாக வேண்டும்.

இதற்கு அரபிகள் கண்ட வழிகள் எளியவை. வெயில் ஏறுமுன் நடப்பது, உச்சிப்பொழுதில் தங்குவது, மாலையில் மீண்டும் புறப்படுவது. வேட்டைக்களம் தொலைவில் இருந்தால் ஸலூக்கியை நடக்கவிடாமல் ஒட்டகத்தின் மேல் தங்களோடு ஏற்றிக்கொள்வார்கள். இரை கண்ணில் பட்ட பிறகே அது தரையில் இறங்கும். பாதங்களுக்கு மருதாணி பூசுவார்கள். நம் பெண்கள் பெருநாளைக்கு இட்டுக்கொள்ளும் அதே மருதாணிதான். பாதத்தின் தோலைக் கெட்டிப்படுத்திப் புண்ணாகாமல் காக்கும் என்பது அவர்களின் அனுபவம். கற்கள் நிறைந்த நிலத்தில் ஓடும் நாய்க்கு அது செருப்புப் போல.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இதன் எச்சத்தைப் பார்த்திருப்பார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை குளிர் நிலவும் மாதங்களில் அரபுக் குடும்பங்கள் 'பர்' எனப்படும் வெட்டவெளிக்குச் சென்று கூடாரமடித்துத் தங்குகின்றன. விறகு மூட்டி கஹ்வா காய்ச்சுவதும், ஜமாஅத்தாகத் தொழுவதும், இரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பதும் அங்கே உண்டு. சில கூடாரங்களின் அருகே வல்லூறும் ஸலூக்கியும் இருக்கும். அமீரகத்தில் காட்டு விலங்குகளை வேட்டையாடத் தடை இருப்பதால், மான் உருவப் பொம்மையொன்றை வண்டியில் கட்டி இழுத்து, அதன்பின் ஸலூக்கிகளை ஓடவிட்டுப் பந்தயம் நடத்துகிறார்கள். நாயைக் கண்டால் ஒதுங்கியே பழகிய நம்மவர்கள் முதலில் இதைப் பார்க்கும்போது திகைக்கிறார்கள். 'அரபிகளே இப்படியா!' என்று ஊருக்குத் தொலைபேசியில் சொல்பவர்களும் உண்டு. அரபிகள் செய்வதெல்லாம் மார்க்கமல்ல என்பது உண்மை; நாம் தவிர்ப்பதெல்லாமும் மார்க்கமல்ல.

சட்டத்துக்கு வருவோம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஹனஃபி மத்ஹபும் பின்பற்றப்படுகின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் நாய் முழுவதும் கடும் நஜீஸ். ஈரத்தோடு பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். ஹனஃபி மத்ஹபில் அதன் உமிழ்நீர் நஜீஸ்; உடல் அப்படியல்ல. வட ஆப்பிரிக்காவில் பரவியுள்ள மாலிகி மத்ஹபோ உயிருள்ள நாயைத் தூய்மையானதாகவே கருதுகிறது. அது வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவுவதை, காரணம் ஆராயாமல் கீழ்ப்படியும் வணக்கமாகக் கொள்கிறது. நாயும் உலர்ந்து, தொட்டவரின் ஆடையும் உலர்ந்திருந்தால் எந்த மத்ஹபிலும் அசுத்தம் இடம் மாறுவதில்லை. தெருவில் உலர்ந்த நாயொன்று உரசிச் சென்றதற்காகக் குழந்தையை அதட்டி ஏழு முறை குளிப்பாட்டுவது மத்ஹபின் சட்டமன்று, நம் பயம்.

நபியவர்களின் காலத்தில் மஸ்ஜிதுக்குள் நாய்கள் வந்து போய்க்கொண்டிருந்தன, அதற்காக யாரும் தண்ணீர் தெளித்ததில்லை என்று இப்னு உமர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. இமாம்கள் அதற்குப் பல விளக்கங்கள் தந்திருக்கிறார்கள். எவ்விளக்கத்தை ஏற்றாலும், நாயைக் கண்டு பதறிய ஒரு கூட்டத்தின் சித்திரம் அதில் இல்லை. அதே வேளையில் மறுபக்கத்தையும் மறைப்பது நேர்மையாகாது. வேட்டை, மந்தைக் காவல், விளைநிலக் காவல் ஆகிய தேவைகளின்றி நாய் வளர்ப்பவரின் நன்மையில் நாள்தோறும் கீராத் அளவு குறையும் என்பது வலுவான ஹதீஸ். நாய் இருக்கும் வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்ற ஹதீஸும் அவ்வாறே. ஸலூக்கியின் வரலாற்றைக் காட்டி, மெத்தையில் படுத்துறங்கும் அலங்கார நாய்க்கு அனுமதி தேடுவோருக்கு அதில் இடமில்லை. அரபிகளின் நாய் உழைத்து உண்ட நாய்.

என் பார்வையில் இந்த வரலாற்றின் ஆழமான பகுதி வேட்டையில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாயைக் கண்டு, மீண்டும் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் நிரப்பி, அதை வாயில் கவ்வியபடி மேலேறி வந்து புகட்டிய மனிதரின் ஹதீஸ் நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவருடைய பாவம் மன்னிக்கப்பட்டது. ஆனால் ஃபிக்ஹு நூல்கள் இதை நெகிழ்ச்சியான கதையாக மட்டும் விட்டுவிடவில்லை. தயம்முமின் பாடத்தை எடுத்துப் பாருங்கள். பயணியிடம் இருக்கும் தண்ணீர் உளூவுக்கு மட்டுமே போதும். அவனோடு வந்த பிராணிக்குத் தாகம். என்ன செய்வது? காக்கப்பட வேண்டிய பிராணியாக அது இருக்குமானால், தண்ணீரை அதற்குக் கொடுத்துவிட்டு அவன் தயம்மும் செய்து தொழுவான் என்கிறார்கள் ஃபுகஹாக்கள். ஷாஃபிஈ நூல்களில் கடித்துக் குதறும் நாய்க்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வேட்டை நாய்க்கும் காவல் நாய்க்கும் உண்டு. இப்போதுகூட அல்ல, பின்னர் தாகம் எடுக்கும் என்ற அச்சம் இருந்தாலும் அந்தத் தண்ணீரைச் சேமித்து வைக்கலாம்.

எந்த மத்ஹபு நாயைக் கடும் நஜீஸ் என்று கூறியதோ, அதே மத்ஹபுதான் தொழுகைக்கான தண்ணீரைவிட அந்த நாயின் தாகத்தை முற்படுத்தியது. அசுத்தமும் உரிமையும் வெவ்வேறு பாடங்கள். நம் தெருக்களில் இவை இரண்டும் கலந்துபோய்விட்டன. 'நஜீஸ்' என்று சொல்லிக் கொடுத்த பிள்ளை, அந்தச் சொல்லோடு ஒரு கல்லையும் கையில் எடுத்துக்கொள்கிறது. பெரியவர்கள் பார்த்தும் தடுப்பதில்லை.

மக்கா வெற்றிக்கான பயணம் ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ரமளானில் நடந்தது. பத்தாயிரம் பேர் கொண்ட படை. மதீனாவிலிருந்து செல்லும் வழியில் அர்ஜ் என்னும் இடத்தைக் கடக்கையில், பாதையருகே ஒரு பெண்நாய் தன் குட்டிகளுக்குப் பாலூட்டியபடி உறுமிக்கொண்டிருந்தது. நபியவர்கள் ஜுஐல் இப்னு ஸுராக்கா (ரழி) என்னும் தோழரை அழைத்து, படை முழுவதும் கடந்து செல்லும்வரை அந்த நாய்க்கும் குட்டிகளுக்கும் எவரும் தொல்லை தராமல் அங்கேயே நிற்குமாறு பணித்தார்கள் என்று வாக்கிதீ தம் மகாஸீ நூலில் பதிவு செய்திருக்கிறார். வரலாற்றின் பெரும் வெற்றியொன்றை நோக்கிச் சென்ற படையிலிருந்து ஒரு வீரர், தெருநாய்க்குக் காவலாக நிறுத்தப்பட்டார். பத்தாயிரம் பேர் கடந்து செல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்!

பாலைவனத்தை விட்டு நகரங்களில் குடியேறிய பிறகும் முஸ்லிம் அறிஞர்கள் நாயை மறக்கவில்லை. பஸ்ராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 255இல் மறைந்த ஜாஹிஸ், 'கிதாபுல் ஹயவான்' என்னும் தம் பெருநூலின் முதல் இரு பாகங்களில் பெரும்பகுதியை நாய் உயர்ந்ததா, சேவல் உயர்ந்ததா என்ற விவாதத்துக்கே ஒதுக்கினார். விளையாட்டுப் போலத் தோன்றினாலும் நாயின் இயல்பு, நோய், பயிற்சி, அது பற்றிய கவிதை, பழமொழி, சட்டம் அனைத்தும் அதற்குள் வந்துவிடுகின்றன. பக்தாதின் இப்னுல் மர்ஸுபான் (மறைவு ஹிஜ்ரி 309) இன்னும் ஒரு படி மேலே சென்றார். 'ஆடையணிந்தோர் பலரைவிட நாய்களுக்குள்ள சிறப்பு' என்பதே அவர் எழுதிய சிறு நூலின் தலைப்பு. தம் காலத்து நண்பர்களின் நன்றியின்மையைக் கண்டு மனம் கசந்தவரின் குரல் அதில் ஒலிக்கிறது.

மொழியறிஞர் அபூஉபைதா சொன்னதாக ஒரு செய்தி இந்த இலக்கியத்தில் வழங்குகிறது. ஒரு மனிதர் தம் சகோதரரோடும் அண்டை வீட்டாரோடும் ஊருக்கு வெளியே வெட்டவெளிக்குச் சென்றார். அவருடைய நாய் பின்தொடர்ந்தது. அது வருவது அவருக்குப் பிடிக்கவில்லை, அடித்து விரட்டினார். போகவில்லை. கல்லெடுத்து எறிந்தார், இரத்தம் வந்தது. ஆயினும் அது விலகாமல் தூரத்தே அமர்ந்துகொண்டது. அப்போது அவருடைய பகைவர்கள் வந்து சூழ்ந்தார்கள். அண்டை வீட்டார் ஓடிவிட்டார். உடன்பிறந்தவரும் ஓடிவிட்டார். பகைவர்கள் அம்மனிதரைக் காயப்படுத்தி, ஆழமில்லாத ஒரு கிணற்றில் தள்ளி, தலை மறையும்வரை மண்ணைக் கொட்டி மூடிச் சென்றார்கள். அவர்கள் போனதும் நாய் கிணற்றடிக்கு வந்தது. ஊளையிட்டபடி தன் கால்களால் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தது. அவருடைய தலை வெளிப்பட்டது, மூச்சு வந்தது. அவ்வழியே சென்ற சிலர், கல்லறை ஒன்றைத் தோண்டுவது போல மண்ணைத் தோண்டும் நாயைக் கண்டு ஐயுற்று அருகில் வந்து பார்த்தார்கள். உயிரோடு அவரை வெளியே எடுத்துக் குடும்பத்தாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த இடத்துக்கு 'பிஃருல் கல்ப்', நாயின் கிணறு, என்று பெயர் நிலைத்தது.